பைக்குள் இருந்த சரம்

அத்தியாயம் 14

வேல்விழி பையைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான். அவள் கையிலிருக்கும் பொருளை வாங்க வேண்டுமென்றால் முதலில் அவள் மனசை வாங்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். ஆபரேஷன் அறைக்கு முன்னால் அந்த நேரம் யாரிடமும் இல்லை.

"உள்ள போகும்போது கையில ஒண்ணும் இருக்கக் கூடாதும்மா," என்று நர்ஸ் பாலம்மாள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

"எம் பையி," என்றாள் வேல்விழி.

பச்சை அங்கி அவளுக்குத் தரையைத் தொட்டது. தலைமுடியைத் துணிக்குல்லாய்க்குள் திணித்திருந்தார்கள். அந்தக் குல்லாயும் அவளுக்குப் பிடிக்கவில்லை, காலையிலிருந்து சாப்பாடு தராததும் பிடிக்கவில்லை. இருந்த ஒரே ஆறுதல் அந்தத் துணிப்பை. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

இந்த வாரம்தான் முதன்முதலாக இந்தக் குடும்பத்துக்குள் நுழைகிறவர்களுக்காக நாலு வரி; மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். வேல்விழிக்கு இருபத்தாறு வயது. எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகும் சீனிச்சாமிக்கும் அவர் மனைவி குருவம்மாளுக்கும் மூத்த மகள். டவுன் சின்ட்ரோம் என்று டாக்டர்கள் சொல்வார்கள். ஊர் வைத்திருக்கும் பெயர்களை நான் இங்கே எழுதப் போவதில்லை.

வீட்டில் உட்கார்ந்து சரவெடி பின்னுவது அவள் வேலை. சின்னச் சின்ன வெடிகளின் திரியை நூலோடு சேர்த்துப் பின்னிக்கொண்டே போக வேண்டும். ஒரு சிவப்பு, ஒரு பச்சை என்று மாறி மாறி வர வேண்டும். அவள் பின்னிய சரத்தில் ஒரு கலர் இடம் மாறி யாரும் பார்த்ததில்லை, இந்த வருஷம் வரைக்கும்.

இந்த வருஷம் மாறியது. சிவப்பும் பச்சையும் கண்டபடி விழுந்தன. பின்னுவதற்கான வெடிகளை வீட்டுக்கு லோடாகக் கொண்டுவந்து இறக்கும் கண்ணுச்சாமி, அவர் வேறு யாருமில்லை, குருவம்மாளின் சொந்த அண்ணன், பின்னிய சரத்தை அப்படியே வீட்டுக்குள் வீசிவிட்டுப் போனார். "சீசன் நேரத்துல எங்கிட்ட விளையாடுதா உம் மக" என்று ஒரு வார்த்தை வேறு. அந்த வார்த்தையில் சூடேறிப்போன சீனிச்சாமி மகளை அடித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் பக்கத்தில் வந்தாலே அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

படியில் கால் வைக்கத் தயங்கினால் பிடிவாதம். வெயிலில் வர மாட்டேன் என்றால் அதுவும் பிடிவாதம். அவளுக்குக் கண் தெரியவில்லை என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? விரல்கள் நிற்காமல் பின்னிக்கொண்டுதானே இருந்தன. தட்டில் இருந்த அப்பளத்தை அக்கா கையால் தடவித் தேடியதைத் தங்கை மாரிசெல்வி ஒருநாள் பார்த்தாள். அன்றைக்கு அவள் போட்ட சண்டைதான் இவர்களை விருதுநகர்க் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

இரண்டு கண்ணிலும் புரை. "இவங்களுக்கு இந்த வயசுலேயே புரை வரும். முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாம்," என்று கண் டாக்டரம்மா சொன்னபோது சீனிச்சாமி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மற்றவர்களுக்கு ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து முடிக்கும் ஆபரேஷன், வேல்விழிக்கு முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். ஊசியைப் பார்த்தால் அவள் படுக்க மாட்டாள். ஒரே மயக்கத்தில் இரண்டு கண்ணையும் முடித்துவிடலாம், திரும்ப ஒரு தடவை மயக்கத்துக்கு உட்படுத்த வேண்டாம் என்று டாக்டரம்மா முடிவு செய்திருந்தார். நெஞ்சை ஸ்கேன் எடுத்தாயிற்று, கழுத்தை எக்ஸ்ரே எடுத்தாயிற்று. மயக்க டாக்டர் மதுரையிலிருந்து வந்து காத்திருந்தார். அவர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார்.

அது இன்றைக்குத்தான்.

"அவ பாட்டுக்கு வச்சிருக்கட்டுமே சிஸ்டர், உள்ள போய் வாங்கிக்கிடுங்க," என்றாள் குருவம்மாள். குரலில் ஒரு பதற்றம் இருந்தது. அதை மாரிசெல்வி கவனித்தாள். அம்மா இந்த ஆபரேஷனுக்கு மனசாரச் சம்மதித்தவள் இல்லை. மயக்கம் கொடுத்தால் மகள் கண் விழிக்க மாட்டாள் என்று ஒரு வாரமாகச் சோறு இறங்காமல் இருந்தவள். அந்தப் பயம்தான் என்று மாரிசெல்வி நினைத்துக்கொண்டாள்.

பாலம்மாள் நல்ல மனுஷிதான். ஆனால் உள்ளேயிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். பையின் அடியைப் பிடித்து ஒரு இழு இழுத்தார்.

பை கிழிந்தது. சீப்பு விழுந்தது, துண்டு விழுந்தது, ஒரு பிஸ்கட் டின் விழுந்து மூடி கழன்றது. தரையெல்லாம் வெடிகள் உருண்டோடின. பாதி பின்னிய சரம் ஒன்று வேல்விழியின் காலடியில் கிடந்தது. ஒரு பச்சை வெடி உருண்டுபோய்ச் சுவரோரம் நின்ற ஆக்சிஜன் சிலிண்டரை முட்டி நின்றது.

பாலம்மாள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "என்னது இது?"

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது வேல்விழியின் வழக்கம். "சரம்," என்றாள்.

நம் பக்கத்தில் வெடி என்பது உப்பு புளி மாதிரி வீட்டில் கிடக்கும் ஒரு சாமான். கட்டிலுக்கு அடியில் கிடக்கும், அடுப்புக்கு அந்தப் பக்கம் கிடக்கும், பிள்ளைகள் அதன் மேல் தலை வைத்துத் தூங்கும். காலையில் பஸ்ஸில் அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டுதான் ஆமத்தூர் தாண்டி வந்தார்கள். முன் சீட்டில் ஒருவர் பீடி குடித்துக்கொண்டிருந்தார், குருவம்மாளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஆஸ்பத்திரித் தரையில் ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில் பார்த்த பிறகுதான் அது வெடிமருந்து என்று அவளுக்கே தெரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, நீயா வச்ச?" என்றாள் மாரிசெல்வி.

ஆமாம் என்று குருவம்மாள் தலையை ஆட்டினாள்.

வராந்தாவில் நின்றிருந்த சீனிச்சாமி சத்தம் கேட்டு உள்ளே வந்தார். தரையைப் பார்த்தார். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒரு வாளியில் தண்ணீர் கேட்டு வாங்கி, சரத்தையும் உதிரி வெடிகளையும் அதில் அமுக்கினார்.

அதற்குள் ஆஸ்பத்திரி மேனேஜர் வேலுச்சாமி வந்துவிட்டார். அவர் கத்துகிற ஆள் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார், அதுதான் பயமாக இருந்தது.

"உள்ள எத்தனை பேரு படுத்திருக்காங்கன்னு தெரியுமா உங்களுக்கு? இந்தப் பொண்ணைக் கூட்டிட்டுக் கிளம்புங்க. போலீசுக்குச் சொல்லியாச்சு. அவங்க வந்ததும் பேசிட்டு அப்படியே போயிருங்க."

"சார், ஆபரேஷன்..." என்றாள் மாரிசெல்வி.

"அடுத்த மாசம் வாங்க. அதுவும் டாக்டர் சரின்னா."

அடுத்த மாதம் தீபாவளி. அதுவரை கண் தாங்காது என்று போன வாரம்தான் டாக்டரம்மா சொல்லியிருந்தார். இடது கண்ணில் புரை முற்றி ஊதிக்கொண்டிருக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறிவிட்டால் பிறகு என்ன செய்தாலும் அந்தப் பார்வை திரும்பாது. அவள் ஓடிப்போய் உள் கதவைத் தட்டினாள். தட்டக் கூடாத கதவு அது. தட்டினாள்.

டாக்டரம்மா முகத்துணியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். வாளியைப் பார்த்தார், குருவம்மாளைப் பார்த்தார்.

"எதுக்கும்மா இதைக் கொண்டாந்தீங்க?"

"ஆபரேஷன் முடிஞ்சதும் கண்ணைக் கசக்கவே கூடாது, கசக்குனா எல்லாம் கெட்டுப்போகும்னு நீங்கதானம்மா சொன்னீக." குருவம்மாள் அழுதுகொண்டே பேசினாள். "அவ கை சும்மா இருக்காதும்மா. சும்மா இருந்தா மூஞ்சிக்குத்தான் போகும். சரத்தைக் குடுத்துட்டா நாள் பூரா பின்னிக்கிட்டே இருப்பா. கண்ணுப் பக்கம் போக மாட்டா. அதுக்குத்தான் வச்சேன். வேற ஒண்ணும் எனக்குத் தோணலை."

தான் சொன்னதை இவ்வளவு சிரத்தையாக எடுத்துக்கொண்ட ஒரு தாயை என்ன சொல்லித் திட்டுவது என்று டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

"அவ கைக்கு நாங்க அட்டை வச்சுக் கட்டிருவோம். முழங்கை மடங்காது," என்றார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார். "போலீஸ் விசாரணை உங்க பாடு, நான் குறுக்க வரலை. பொண்ணை நான் உள்ள கொண்டுபோறேன். இன்னிக்கு விட்டா அந்தக் கண்ணு போயிரும். மயக்க டாக்டர் சாயங்காலம் வரைக்கும்தான் இருப்பார், வெளியில பஞ்சாயத்தைச் சீக்கிரம் முடிங்க."

வேலுச்சாமிக்குச் சம்மதமில்லை. ஆனாலும் தலையசைத்தார்.

வேல்விழியை உள்ளே கூப்பிடுவதற்குள் கான்ஸ்டபிள் ஒருவர் வந்தார். வயதானவர், வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"வீட்டுல வச்சுப் பின்னுற சரக்கு. யாரு லோடு குடுத்தது?"

வீடுகளில் வெடி பின்னக் கொடுப்பது சட்டப்படி குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் செய்வார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பேர் வெளியே வருகிற வரைக்கும் பாதகமில்லை, வந்துவிட்டால் வந்தவர் பாடு திண்டாட்டம்.

குருவம்மாள் தரையைப் பார்த்தாள். கண்ணுச்சாமி அவள் கூடப் பிறந்தவர் மட்டுமில்லை. அவர் மகன் பாண்டிக்குத்தான் மாரிசெல்வியைப் பேசி முடித்திருக்கிறது. தை பிறந்தால் கல்யாணம். மாரிசெல்வி அதற்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்: எனக்குப் பின்னாலேயே அக்காவும் வருவாள், அப்பா அம்மாவுக்குப் பிறகு அவளை நான்தான் வைத்துக்கொள்வேன். எத்தனை வீட்டில் இதற்குச் சம்மதிப்பார்கள்? பாண்டி சம்மதித்தான். அப்பாவைப் பேசிச் சரிக்கட்டியதும் அவன்தான்.

"கேக்குறேன்ல," என்றார் கான்ஸ்டபிள்.

சீனிச்சாமி முன்னால் வந்தார். "யாரும் குடுக்கலைங்க. நாந்தான் கம்பெனியில இருந்து எடுத்துட்டு வந்தேன்."

"களவாண்டியா?"

"ஆமாங்க."

சொன்னது பொய் என்று கான்ஸ்டபிளுக்கும் தெரிந்திருக்கும். வேலை போகும், கேஸ் வரும். இருந்தாலும் இரண்டு மகள்களின் வாழ்க்கை தப்பிக்கும் என்று அந்த மனுஷன் அந்த ஒரு நிமிஷத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறார். மாரிசெல்விக்கு அப்பாவைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது.

"இல்ல," என்றாள் வேல்விழி.

எல்லோரும் திரும்பினார்கள். கான்ஸ்டபிள் குரல் வந்த திசைக்கு அவள் முகத்தைத் தூக்கி, தப்பைத் திருத்துகிறவளின் பொறுமையோடு சொன்னாள். "மாமா சரம். கண்ணுச்சாமி மாமா சரம். அப்பா இல்ல."

"அக்கா, பேசாம இரு," என்றாள் மாரிசெல்வி.

"மாமாதான் டெம்போவுல கொண்டாந்துச்சு," என்றாள் வேல்விழி இன்னும் தெளிவாக.

வேல்விழிக்குப் பொய் பேச வராது. மற்றவர்கள் பேசினாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள். கான்ஸ்டபிள் பெருமூச்சு விட்டார். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார். இனி மறைத்துப் பலனில்லை என்று சீனிச்சாமி ஊரையும் தெருவையும் சொன்னார். புதுப்பட்டிப் பக்கத்து ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லக் கான்ஸ்டபிள் மேனேஜர் அறைக்குப் போனார்.

"அண்ணன் வீடு போச்சு," என்றாள் குருவம்மாள் யாருக்கும் இல்லாமல்.

இந்தக் கலவரத்தில் வேல்விழி ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டாள். "எஞ் சரம் எங்க?"

யாரோ ஒரு ஆயா, நல்லெண்ணத்தில்தான், பதில் சொல்லிவிட்டாள். "அதையெல்லாம் தண்ணியில போட்டாச்சு தாயி."

வேல்விழியின் முகம் சுருங்கியது. சரம் நனைந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். நனைந்த சரத்தைக் கண்ணுச்சாமி மாமா எடுத்துக்கொள்ள மாட்டார். மாமா எடுத்துக்கொள்ளாவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்; ஒருமுறை நடந்திருக்கிறது. கையால் துழாவி அங்கிருந்த கட்டிலைக் கண்டுபிடித்தாள், சட்டென்று உட்கார்ந்து அதன் அடியில் புகுந்துகொண்டாள்.

"அக்கா, வெளியே வா."

"மாட்டேன்."

"டாக்டர் காத்துட்டிருக்காக."

"அப்பா அடிக்கும்."

பாலம்மாள் குனிந்து கையைப் பிடிக்கப் போனார். வேல்விழி காலால் உதைத்தாள். உள்ளேயிருந்து மயக்க டாக்டரே வந்து பார்த்தார். "இப்படிப் பிடிச்சு இழுத்து, அழ வச்சு, மயக்கம் குடுக்க முடியாது. மூச்சுக்குழாய் சின்னது, நாக்கு பெருசு. அழுது சளி கட்டிச்சுன்னா எனக்குத்தான் ஆபத்து தெரியும். அவங்களா அமைதியா வரணும்," என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எல்லோர் கண்ணும் சீனிச்சாமி மேல் போனது. அவர் சுவரோரம் நின்றார். ஆஸ்பத்திரிக்கென்று வெளுத்துக் கட்டிய வேட்டி முழுக்க வாளித் தண்ணீர் தெறித்திருந்தது. மகளை அடித்த நாளிலிருந்து அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வராத மனுஷன். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் வாய் ஒருநாளும் சொல்லியிருக்காது.

அவர் வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். அது போதவில்லை; தரையில் குப்புறப் படுத்து, தலையைத் திருப்பிக் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். சுவரோடு ஒட்டிக்கொண்டு தலையைக் கையால் மூடியிருந்தாள் மகள்.

"வேலு," என்றார்.

அவள் காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அப்பா அடிக்க மாட்டேன்."

"சரம் நனைஞ்சிருச்சு," என்றாள் அவள் கைக்குள்ளிருந்து.

"நாந்தான் நனைச்சேன். நீ இல்ல."

தலையை மூடியிருந்த ஒரு கை இறங்கியது. பிறகு அவள் கேட்டாள். "கலரு சரியா?"

சரி என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். சீனிச்சாமியும் வாயெடுத்தார். ஆனால் இவளிடம் பொய் எடுபடாது என்று சற்று முன்புதான் பார்த்திருந்தார்.

"கலரு தப்புத்தான்," என்றார். "மூணு செகப்பு சேந்தாப்புல வந்திருக்கு. அது உந்தப்பு இல்ல வேலு. உனக்குக் கண்ணு தெரியல. பெத்த அப்பன் நான் பாத்திருக்கணும். பாக்காம உன்னை அடிச்சுட்டேன். என் கையி வெளங்காமப் போகட்டும்." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. முகத்தைத் தரையில் வைத்துக்கொண்டு அழுதார். ஆஸ்பத்திரி முழுக்கப் பார்க்கிறதே என்றுகூட நினைக்கவில்லை. குருவம்மாள் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது பார்த்ததில்லை. அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேல்விழி வெளியே வந்தாள். அப்பா இருந்த பக்கமாக அல்ல, மறுபக்கமாக. அவர் கையை நீட்டினார், அவள் தொடவில்லை. மாரிசெல்வியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தாள். கதவுக்கு முன்னால் நின்று திரும்பினாள்.

"அப்பா, நீ இங்கன இரு," என்றாள். அதட்டல்தான்.

"இங்கனதான் இருப்பேன்," என்றார் சீனிச்சாமி.

கான்ஸ்டபிள் திரும்பி வந்திருந்தார். ஸ்டேஷனுக்குச் சீனிச்சாமியை அழைத்துப்போக வேண்டும். தரையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார், மூடிய கதவைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ஆபரேஷன் முடியட்டும். அதுவரைக்கும் எனக்கும் கால் வலிக்குது," என்றார்.

காத்திருப்பது எவ்வளவு கொடுமையான வேலை என்று காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. மற்றவர்களின் ஆபரேஷன் முடிந்து வரிசையாக வெளியே வந்தார்கள். ஒற்றைக் கண்ணில் பஞ்சு ஒட்டிய பெரியவர் ஒருவர் டீ எப்போது கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டே போனார். வேல்விழி போன கதவு திறக்கவில்லை.

"நான் சம்மதிச்சிருக்கக் கூடாது," என்றாள் குருவம்மாள். "கண்ணு தெரியாட்டாலும் எங்கூட இருந்திருப்பா. நான் சோத்தை ஊட்டிக்கிட்டு இருந்திருப்பேன்."

"நீ எத்தனை நாளைக்கும்மா ஊட்டுவ?"

மாரிசெல்விக்கு அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்றிருந்தது. அவளுக்குள்ளும் அதே பயம்தான். சண்டை போட்டு இங்கே இழுத்து வந்தவள் அவள்தானே. உள்ளே ஏதாவது ஆகிவிட்டால் இந்த அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

கதவு பாதி திறந்து பாலம்மாள் தலையை நீட்டினார். "தூங்கும்போது குறட்டை விடுவாளா? நடுவுல மூச்சு நின்னு நின்னு வருமா?"

குருவம்மாள் எழுந்துவிட்டாள். "ஏன்? என்ன ஆச்சு? என்ன ஆச்சுங்க?"

"கேக்குறதுக்கு மட்டும் சொல்லுங்க."

"குறட்டை விடுவா. சின்னப் பிள்ளையில இருந்தே விடுவா. மூச்சு... சில சமயம் நிக்கிற மாதிரி இருக்கும், நான் தட்டி விடுவேன்."

கதவு மூடிக்கொண்டது.

குருவம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். இத்தனை வருஷமாக இரவில் தட்டி விட்டதை யாரிடமும் சொன்னதில்லை. அது ஒரு வியாதி என்றே அவளுக்குத் தெரியாது, பிள்ளை வளர்ப்பில் ஒரு வேலை என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது உள்ளே யார் தட்டி விடுவார்கள்? சீனிச்சாமி எழுந்துவந்து மனைவியின் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். கான்ஸ்டபிள் எங்கிருந்தோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சிவப்பு விளக்கு அணைந்தது.

டாக்டரம்மா வந்தார். "ரெண்டு கண்ணும் முடிஞ்சது. லென்ஸ் வச்சாச்சு. மயக்கம் தெளிய நேரமாச்சு, குழாயை எடுத்ததும் மூச்சு கொஞ்சம் தடுமாறிச்சு, இப்ப நல்லாயிருக்கா. ராத்திரி பக்கத்துலயே இருந்து பாத்துக்கிடுவோம். பார்வை எவ்வளவு வரும்னு நான் இப்ப சொல்ல முடியாது. நாளைக்குக் காலையில கட்டைப் பிரிக்கும்போதுதான் தெரியும்."

குருவம்மாள் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வேல்விழியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வார்டில் படுக்க வைத்தார்கள். இரண்டு கண்ணிலும் கட்டு. இரண்டு முழங்கையிலும் அட்டை வைத்துத் துணி சுற்றியிருந்தது. வாய் உலர்ந்துபோயிருந்தது. சீனிச்சாமி கால்மாட்டில் நின்று அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். போதும் என்று தோன்றும் வரை பார்க்க விட்டுவிட்டு, கான்ஸ்டபிள் வாசலில் நின்று மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"முழிச்சதும் கேட்டா, டீ குடிக்கப் போயிருக்கேன்னு சொல்லு," என்றார் சீனிச்சாமி மாரிசெல்வியிடம். சொன்னவர் உடனே தலையை ஆட்டிக்கொண்டார். "வேண்டாம். ஸ்டேஷனுக்குப் போயிருக்கேன், வந்துருவேன்னு சொல்லு."

குருவம்மாள் அவர் பின்னாலேயே வாசல் வரை போனாள்.

அப்போதுதான் மாரிசெல்வியின் செல்போன் அடித்தது. பாண்டி. அவள் ஜன்னல் பக்கம் போய் எடுத்தாள்.

"மாரி, அப்பாவை ஜீப்புல ஏத்திட்டுப் போயிட்டாக." அவன் குரல் அவன் குரலாகவே இல்லை. பின்னால் யாரோ அழும் சத்தம் கேட்டது, அத்தையாக இருக்கும். "வீட்டைப் பூராப் புரட்டிப் போட்டுட்டாக. குடோனுக்குச் சீல் வச்சிருக்காக. விருதுநகர் ஆஸ்பத்திரியில இருந்துதான் பேரு போயிருக்குன்னு ஏட்டய்யா சொல்லுதாரு. அங்கன யாரு சொன்னது?"

மாரிசெல்வி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் புள்ளதான் ஒளறிருச்சா? உள்ளதைச் சொல்லு. அது வாயிலதான் எதுவும் நிக்காதுன்னு அம்மா சொல்லுது. அதுதான்னா, இந்த ஜென்மத்துல அது இந்த வீட்டுப் படி ஏறக் கூடாதுன்னு ஒரே முடிவா நிக்குது. நான் என்ன பதில் சொல்ல?"

ஜன்னலுக்கு வெளியே அப்பா கான்ஸ்டபிளின் சைக்கிளுக்குப் பக்கத்தில் நடந்துபோவது தெரிந்தது. மாரிசெல்வி கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். இந்தக் கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் வேல்விழியைப் பற்றி அந்த வீட்டில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டால் அது காலத்துக்கும் போகாது. தன்மேல் வருகிற கோபத்தை என்றைக்காவது தணித்துக்கொள்ளலாம். தணியாவிட்டாலும், தாங்குவதற்குத் தனக்குத் தெம்பிருக்கிறது. அக்காவுக்கு அதைப் புரிந்துகொள்ளக்கூட முடியாது.

"அவ மயக்கத்துல கெடந்தா மச்சான்," என்றாள். "நாந்தான் சொன்னேன்."

"நீயா?"

"ஆமா. போலீஸ்காரக கேட்டாக. சொல்லாட்டி ஆபரேஷன் நடக்காது போலருந்துச்சு. மாமா பேரைச் சொன்னது நான்."

அவன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. போனை வைத்துவிட்டான்.

மாரிசெல்வி செல்போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திரும்பக் கூப்பிடலாமா என்று நினைத்தாள். கூப்பிட்டு என்ன சொல்வது?

"மாரி."

வேல்விழி விழித்திருந்தாள். குரல் கரகரத்தது. கட்டுக்கு அடியில் முகம் சத்தம் வந்த பக்கம் திரும்பியது. "யாரு போன்ல?"

மாரிசெல்வி ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "பாண்டி மச்சான்."

"என்ன கேட்டுச்சு?"

இவளிடம் யாரும் பொய் சொல்ல முடியாது, சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாரிசெல்வி துணி சுற்றிய அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குக் கண்ணு நல்லாருக்கான்னு கேட்டாரு."

வேல்விழி கொஞ்சம் யோசித்தாள்.

"நாளைக்குத்தான் தெரியும்னு சொல்லு," என்றாள்.